களை எடுத்தும் களை வருவது ஏன்? காய்கறித் தோட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

களையைப் பற்றி எல்லோரிடமும் ஒரு யோசனை இருக்கிறது. "வேரோடு பிடுங்கிவிட்டால் தீர்ந்தது" என்பார் ஒருவர். "நல்லா ஆழமா கொத்திப் புரட்டிப் போடுங்க, களையே வராது" என்பார் அடுத்தவர். இயற்கை விவசாயம் என்றால் களையைத் தொடவே கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. வாட்ஸ்அப்பில் உப்பும் வினிகரும் கலந்த கரைசல் ஒன்று வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவற்றில் சில ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் தவறு. சில எங்குமே சரியில்லை. எது எங்கே பொருந்தும் என்று தெரியாமல் கேட்டதையெல்லாம் செய்தால், ஐப்பசி மழையில் கத்தரிச் செடி எது, களை எது என்று தேட வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் இது கூடுதல் முக்கியம். வில்லியனூர், பாகூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று எங்கே பார்த்தாலும், வாங்கிப் போட்ட மனையிலோ வீட்டுக் கொல்லையிலோ இரண்டு மூன்று சென்ட்டில் காய்கறி போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் கடலூரிலும் புதுச்சேரியிலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. புரட்டாசியில் நட்ட நாற்று இளசாக நிற்கும் நேரமும், களை வெறிபிடித்து முளைக்கும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் பாத்திக்குள் கால் வைக்கவும் முடியாது. ஆகவே எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை மழைக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மண்ணுக்குள் ஒரு கணக்கு

கண்ணுக்குத் தெரியும் களை மொத்தக் களையில் சிறு பகுதிதான். முளைக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் விதைகளே பெரும்பகுதி. இந்த இருப்புக்கு விதை வங்கி என்று பெயர். நம் சேமிப்புக் கணக்கைப் போலவே அதிலும் வரவும் செலவும் உண்டு. களைச் செடி விதை உதிர்த்தால் வரவு. விதை முளைத்தாலும், அழுகினாலும், எறும்பு தூக்கிப் போனாலும் செலவு. சாகுபடி நடந்துவரும் நிலத்தில் ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஆயிரக்கணக்கான களை விதைகள் இருப்பது சாதாரணம். ஆகவே முளைத்த நூறு செடியைப் பிடுங்கினால், அந்த நூறு மட்டும்தான் கணக்கிலிருந்து கழிகிறது.

வரவு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்குப் பார்த்தீனியம் நல்ல உதாரணம். நன்றாக வளர்ந்த ஒரே செடி 10,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். குப்பைக்கீரை, சாரணை போன்றவையும் லேசுப்பட்டவை இல்லை. அதனால் மனையின் மூலையில் பூத்து நிற்கும் ஒரு செடியை "அங்கேதானே இருக்கிறது" என்று விட்டுவிடுவது, பாத்திக்குள் இருக்கும் ஐம்பது சிறு களைகளை விடுவதைவிடப் பெரிய இழப்பு.

விதைகள் எத்தனை நாள் தாங்கும்? 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 20 பாட்டில்களில் ஈர மணலோடு களை விதைகளைக் கலந்து புதைத்து வைத்தார். சில ஆண்டுகளுக்கு ஒன்றாக எடுத்து முளைக்க வைத்துப் பார்ப்பது திட்டம். அவர் காலம் முடிந்தும் அது தொடர்ந்தது. 2021இல் எடுத்த பாட்டிலிலும் சில விதைகள் முளைத்தன. 142 ஆண்டுகள்! இதைப் படித்துவிட்டு மனம் விட்டுவிட வேண்டாம். அப்படித் தாங்கியது ஒன்றிரண்டு இனங்கள்தான். பெரும்பாலான களை விதைகள் சில ஆண்டுகளிலேயே உயிரிழந்துவிடும். புதிய வரவை நிறுத்தினால் போதும், கணக்கு தானாகக் கரையத் தொடங்கும்.

வரவு செடியிலிருந்து மட்டும் வருவதில்லை. மாடு தின்ற களை விதைகளில் பல, செரிக்காமல் சாணத்தோடு வெளியே வருகின்றன. பச்சைச் சாணத்தையோ அரைகுறையாக மக்கிய எருவையோ பாத்தியில் போடுவது விதைப்பதற்குச் சமம். குவித்து ஈரப்படுத்தி, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேற விட்டு, கிளறிக் கிளறி மக்க வைத்த எருவில் அந்த விதைகள் பெரும்பாலும் செத்திருக்கும். ஏரி வண்டல் அருமையான மண்தான், ஆனால் அதோடும் விதைகள் வரும். தென்பெண்ணையோ கெடிலமோ பெருக்கெடுத்து வடிந்த பிறகு, அதுவரை பார்த்தே இராத களைகள் கொல்லையில் தலைகாட்டுவதற்கும் இதுதான் காரணம்.

சுருக்கமாக, களை எடுப்பது இருப்பைக் குறைக்கும். விதை உதிர விடாமல் இருப்பது வரவை நிறுத்தும். இரண்டாவதுதான் நீண்ட நாள் பலன் தருவது.

உறங்கும் விதையை எழுப்புவது எது?

மண்ணுக்குள் ஈரமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. பிறகு ஏன் எல்லா விதையும் ஒரே நாளில் முளைப்பதில்லை? ஆழத்தில் கிடக்கும் சிறு விதை முளைத்தால் மேலே வந்து சேர்வதற்குள் அதன் சத்து தீர்ந்து செத்துவிடும். ஆகவே தான் மேல்மண்ணில்தான் இருக்கிறோமா என்று தெரிந்துகொண்டே அது முளைக்கிறது. அதற்குப் பல களை விதைகள் வெளிச்சத்தைப் பயன்படுத்துகின்றன. விதைக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் நிலை மாறும் ஒரு பொருள் அது. சூரிய ஒளியில் உள்ள சிவப்பு நிறம் பட்டால் "முளை" என்ற நிலைக்குப் போகும். சிவப்புக்கும் அப்பால், நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளி பட்டால் "உறங்கு" என்ற நிலைக்குத் திரும்பும்.

1952இல் அமெரிக்க வேளாண் ஆராய்ச்சியாளர்கள் லெட்யூஸ் விதைகளை வைத்து இதைக் காட்டினார்கள். சிவப்பு ஒளியும் தொலைச்சிவப்பு ஒளியும் மாற்றி மாற்றிக் காட்டியபோது, கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதன்படிதான் விதை நடந்துகொண்டது. கடைசியில் சிவப்பு என்றால் முளைத்தது, தொலைச்சிவப்பு என்றால் பெரும்பாலும் முளைக்கவில்லை.

இந்த ஒரு செய்தி தோட்டத்தில் நடக்கும் பல விஷயங்களை விளக்கிவிடுகிறது. மண்ணைக் கொத்திப் புரட்டும்போது, அடியில் உறங்கிய விதைகள் ஒரு கணம் வெயிலைப் பார்த்துவிடுகின்றன. சில விதைகளுக்கு ஒரு நொடிக்கும் குறைவான வெளிச்சமே போதும். பத்து நாளில் பாத்தி பச்சையாகிவிடுகிறது. "போன வாரம்தானே கொத்தினோம்" என்று அலுத்துக்கொள்கிறோம். கொத்தியதால்தான் அது வந்தது. ஆழமாகப் புரட்டினால் களை வராது என்பதில் பாதி உண்மை உண்டு: மேலிருக்கும் விதை அடியில் போய்விடும். ஆனால் முன்பு அடியில் போனது இப்போது மேலே வருமே.

இலை நிழல் வேலை செய்வதும் இப்படித்தான். பச்சை இலை சிவப்பு ஒளியைத் தான் எடுத்துக்கொண்டு தொலைச்சிவப்பைக் கீழே விட்டுவிடும். இலைக்கு அடியில் கிடக்கும் விதைக்கு "மேலே வேறு செடி இருக்கிறது, பொறு" என்று சேதி போய்விடுகிறது. பரங்கிக் கொடியும் தட்டைப்பயறும் படர்ந்த இடத்தில் களை குறைவாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எல்லாக் களைக்கும் வெளிச்சம் தேவை என்று சொல்ல முடியாது. ஆனால் பொடி விதைக் களைகள் பலவற்றுக்கு இது பொருந்தும், நம் பாத்திகளில் தொல்லை தருபவற்றில் அவைதான் அதிகம்.

விதைக் களை வேறு, கிழங்குக் களை வேறு

சாரணை, குப்பைமேனி, குப்பைக்கீரை, அம்மான் பச்சரிசி, நாய்வேளை, பார்த்தீனியம் எல்லாம் விதையால் வருபவை. சிறிதாக இருக்கும்போது தண்டை மண்மட்டத்தில் அறுத்தாலே அநேகமாகச் செத்துவிடும். வேர் முழுதும் வந்ததா என்று கவலைப்படத் தேவையில்லை. கோரையும் அருகம்புல்லும் அப்படி இல்லை. அவை மண்ணுக்குள் உணவைச் சேமித்து வைத்திருப்பவை. அறுத்தால் அந்தச் சேமிப்பிலிருந்து மறுபடி எழும்பும்.

கோரையை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மண்வெட்டியை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, ஒரு கோரைச் செடியை மண்கட்டியோடு அப்படியே தூக்குங்கள். தண்ணீர் நிரம்பிய வாளியில் மண்ணைக் கரைத்து விடுங்கள். தழைக்கு அடியில் சிறு தடிப்பு. அங்கிருந்து கம்பி போல ஒரு வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடும். அதில் சிறிய மல்லாட்டை (நிலக்கடலை)ப் பருப்பு அளவில் கறுத்த கிழங்கு. அதிலிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, ஒரு மருந்து வாசனையோடு இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கோரைக்கிழங்கு இதுதான். பாகூர் பக்கம் களை எடுக்க வரும் ஓர் அம்மா இதை ஒரே வரியில் சொன்னார்: "கோரையப் புடிச்சு இழுக்காதீங்க தம்பி, தழைதான் கையோட வரும், காயி உள்ளயே ஒக்காந்திருக்கும்."

அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே சங்கிலியில் கோத்திருக்கும்வரை நுனியில் இருக்கும் கிழங்கு மற்றவற்றை முளைக்க விடாமல் அடக்கி வைக்கும். இழுக்கும்போதோ ரோட்டவேட்டர் ஓட்டும்போதோ சங்கிலி அறுந்தால், ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். கோரை நிலத்தில் ஒரே ஒருமுறை டிராக்டர் ஓட்டிவிட்டு நடவு செய்தால் கோரை பெருகத்தான் செய்யும்.

சரி, கோரையை என்னதான் செய்வது? அதற்கு ஒத்துக்கொள்ளாதவை இரண்டு: நிழலும், காய்ச்சலும். கோடையில் மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து, தண்ணீர் விடாமல் வெயிலில் காயப்போட்டால் மேலே வந்த கிழங்குகள் செத்துவிடும். பெரும்பாலான கிழங்குகள் மேலுள்ள அரையடிக்குள்தான் இருக்கும், ஆகவே இது நடக்கக்கூடிய வேலை. நட்ட பிறகு வருவதை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் அறுக்க வேண்டும். முளைத்த செடி புதுக் கிழங்கு கட்டத் தொடங்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதற்குள் அறுத்தால் பழைய கிழங்கின் சேமிப்பு செலவாகும், புதிதாக எதுவும் சேராது. ஒரு வருடத்தில் ஒழியாது. ஆனால் விடாமல் செய்தால் மெலிந்துவிடும், நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எந்த நாட்களில் களை பயிரைக் கெடுக்கும்?

களை எல்லா நாளும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. நட்ட முதல் வாரம் களையும் சிறிது, பயிரும் சிறிது, போட்டி இல்லை. பயிர் அடர்ந்து நிலத்தை மூடிய பிறகு முளைக்கும் களை நிழலில் சோர்ந்துவிடும். இடையில் இருக்கும் சில வாரங்கள்தான் விளைச்சலைத் தீர்மானிப்பவை. இதைக் களைப்போட்டியின் நெருக்கடிக் காலம் என்கிறார்கள்.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று நட்டால் இந்தக் காலம் 30 அல்லது 45 நாள்வரை நீளும். வெண்டை விதைத்தால் இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை. வெங்காயம் மட்டும் தனி ரகம். அதன் இலை குழல் போல நிற்பதால் கடைசிவரை நிலத்தை மூடாது, அதனால் இரண்டு மாதம் அளவுக்காவது கண்காணிக்க வேண்டும். புதியவர்கள் களை அதிகமுள்ள நிலத்தில் முதல் பயிராக வெங்காயம் போடாமல் இருப்பதே நல்லது. பரங்கி, பூசணி, தட்டைப்பயறு போன்று சீக்கிரம் படர்பவற்றோடு தொடங்குங்கள்.

ஆகவே வாரம் ஒருநாள் தோட்டத்துக்கு நேரம் ஒதுக்க முடிபவர், அந்த நேரத்தை முதல் ஆறு வாரத்தில் குவிக்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் உட்கார்ந்து இடுப்பொடிய களை எடுப்பது அந்தப் பயிருக்கு அநேகமாக எதையும் திருப்பித் தராது. விதை உதிராமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

களை எடுக்கும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். களை இரண்டு இலையோடு, அடியில் நூல் போன்ற வெள்ளை வேரோடு இருக்கும்போதே களைக்கொட்டால் மேல்மண்ணை மட்டும் சுரண்ட வேண்டும். அரை அங்குல ஆழம் போதும், அதற்குமேல் போனால் புது விதைகளை எழுப்பிவிடுவோம். வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் சுரண்டினால் மதியத்துக்குள் சுருண்டுவிடும். மழை வருவது போல இருக்கும் மாலையில் சுரண்டினால் பாதி மறுபடி வேர் பிடிக்கும், சாரணைக்கு அந்தத் திறமை அதிகம். பெரிதாகிவிட்ட களையை மட்டும் ஈரமண்ணில் கையால் பிடுங்கலாம். பார்த்தீனியத்துக்குக் கையுறை கட்டாயம், தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் சிலருக்குக் கடுமையாக வரும்.

விதைப்பதற்கு முன்பே செய்யக்கூடியது

எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், செலவே இல்லாதது. பாத்தியை முழுசாகத் தயார் செய்துவிட்டு, எதையும் விதைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் மேல்மண்ணில் இருக்கும் களை விதைகள் கூட்டமாக முளைக்கும். அவற்றை மேலாகச் சுரண்டிச் சாகடித்துவிட்டு, மண்ணைப் புரட்டாமல் அப்படியே நாற்று நடுங்கள். இரண்டு முறை செய்தால் இன்னும் நல்லது. ஆடிப்பட்டத்துக்கு என்றால் ஆனியிலேயே ஆரம்பித்துவிடலாம். புரட்டாசி நடவுக்கு ஆவணியில். இங்கே பொறுமை இழந்து "கடைசியா ஒரு கொத்து கொத்திடலாம்" என்று புரட்டிவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

இன்னொன்று வெயிலால் மண்ணைச் சூடாக்குவது. அக்னி நட்சத்திரம் நடக்கும் மே மாதம் நமக்கு இதற்கென்றே அமைந்த காலம். பாத்தியைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, மெல்லிய பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணில் புதைத்து நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். தாள் ஊடுருவித் தெரியும் கண்ணாடித் தாளாக இருக்க வேண்டும். கறுப்புத் தாள் போடுவதுதான் பலரும் செய்வது. கறுப்புத் தாளில் தாள்தான் சூடாகும், கண்ணாடித் தாளில் வெயில் உள்ளே போய் மண்ணைச் சூடாக்கும். மேல் இரண்டு அங்குலத்தில் இருக்கும் விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கோரைக்கிழங்கை மட்டும் இதை நம்பி விட முடியாது.

மூடாக்கு

மூடாக்கு என்பது செடிகளுக்கு இடையில் உள்ள வெறும் மண்ணை மூடி வைப்பது. வெளிச்சம் மண்ணைத் தொடாததால் விதை விழிப்பதில்லை, விழித்தாலும் மேலே வர வழியில்லை. ஈரம் காப்பதும் சேர்த்துக் கிடைக்கும் பலன். மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் போட்டால்தான் வேலை செய்யும். பேருக்கு ஒரு பிடி தூவினால் களைக்கு நிழலும் ஈரமும் கொடுத்து வளர்த்தது போல ஆகிவிடும்.

பொருளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டியதும் தோகை கிடைக்கும், துண்டாக்கிப் போட்டால் நன்றாகப் படியும். கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகளில் உதிர்ந்து கிடக்கும் சருகு மெதுவாக மக்கும், களை விதை கலப்பும் குறைவு. மல்லாட்டைத் தோலும் பயன்படும். வைக்கோல் போடுவதாக இருந்தால் நன்றாக உதறிப் போடுங்கள், இல்லாவிட்டால் கத்தரிக்கு நடுவில் நெல் முளைக்கும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் கொல்லையில் கரையான் வரும் என்பதால் காய்ந்த மூடாக்கை அவ்வப்போது கிளறிப் பார்க்க வேண்டும். எந்தப் பொருளாக இருந்தாலும் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்டோடு ஒட்டிய ஈரச் சருகு அழுகலைக் கொண்டுவரும். கடையில் விற்கும் மல்ச்சிங் ஷீட்டும் நன்றாக வேலை செய்யும், கோரை இருந்தால் மட்டும் அது ஊசி போல ஷீட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சொட்டுநீர் போட முடிந்தால் அதுவும் களைக் கட்டுப்பாடுதான். செடியின் தூரில் மட்டும் நனைவதால், மழை இல்லாத மாதங்களில் இடைவெளியில் இருக்கும் விதைக்கு ஈரமே கிடைக்காது.

உப்பும் மருந்தும்

உப்பு வினிகர் கரைசலைத் தயவுசெய்து தோட்டத்தில் ஊற்றாதீர்கள். வினிகர் இலையைக் கருக்கும், அவ்வளவுதான். கோரையும் அருகும் அடியிலிருந்து மறுபடி வரும். உப்போ மண்ணிலேயே தங்கும், களிமண்ணை இறுக வைக்கும், பயிரின் வேர் தண்ணீர் எடுப்பதையே தடுக்கும். கடலோரத்தில் பல கிணறுகளில் ஏற்கெனவே உவர் ஏறிக்கொண்டிருக்கும் ஊரில், கையாலேயே உப்பைக் கொண்டுபோய் ஊற்றுவது பெரிய கொடுமை.

களைக்கொல்லிகள் விதை முளைக்கும் முன் மண்ணில் தெளிப்பவை, முளைத்த செடி மேல் தெளிப்பவை என்று இரு வகை. இரண்டு மூன்று சென்ட்டில் கத்தரியும் வெண்டையும் கீரையும் கலந்து நிற்கும் தோட்டத்துக்கு இரண்டும் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு பயிருக்குப் பாதுகாப்பானது பக்கத்துப் பயிரைக் கொன்றுவிடும். எதையும் கொல்லும் கிளைஃபோசேட்டைப் பூச்சி ஒழிப்பு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பக்கத்து வயலில் நெல்லுக்கு டூ ஃபோர் டி என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் அதன் சாரல் பட்டே தக்காளி இலை முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கியதை வைரஸ் நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைபவர்கள் உண்டு. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று முதலில் கேளுங்கள்.

அறுவடைக்குப் பிறகு கிடக்கும் பாத்தி

பெரும்பாலான தோட்டங்களில் களைக் கணக்கு ஏறுவது பயிர் இருக்கும்போது இல்லை, பயிர் முடிந்த பிறகு. தை, மாசியில் காய்ப்பு ஓய்ந்ததும் ஆர்வம் போய்விடும். மண்ணில் மழையின் ஈரம் இன்னும் இருக்கும். கேட்பாரில்லாத அந்தப் பாத்தியில் சாரணையும் பார்த்தீனியமும் வளர்ந்து, பூத்து, அடுத்த சில வருடங்களுக்கு வேண்டிய விதையை உதிர்த்துவிடும்.

அங்கே முளைப்பதில் சமையலுக்கு ஆகும் குப்பைக்கீரையையும் தொய்யக்கீரையையும் பூ எடுக்கும் முன் பறித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடலாம், விதை பிடிக்காதவரை ஆபத்தில்லை. பிறகு பாத்தியைச் சும்மா விடாமல் பசுந்தாள் உரச் செடிகளான தக்கைப்பூண்டையோ சணப்பையோ நெருக்கமாக விதையுங்கள். சில வாரங்களில் நிலத்தை மூடிக்கொண்டு, அடியில் உள்ள களை விதைகளுக்கு வெளிச்சம் போகாமல் செய்துவிடும். 45 நாளில் பூ வரும் நேரத்தில் அடியோடு அறுத்து அதே இடத்தில் பரப்பிவிட்டால் உரமும் ஆயிற்று. மே மாதம் வரும்போது அந்தச் சருகை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மண்ணை நனைத்துக் கண்ணாடித் தாளை விரிக்கலாம்.